பன்னிரண்டு பல் சீப்பு

காலை எட்டேகாலுக்குள் அக்கா மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்று முறையும் சின்னவள் எடுக்கவில்லை. எடுத்தால் பொய் சொல்ல வேண்டும். எடுக்காமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. நாலாவது முறை எடுத்தாள்.

"உயிரோடதான் இருக்கியா?"

"வேலையா இருந்தேங்கா."

"எங்க கோழி வேலையா, ஊர்க் கோழி வேலையா?"

"இன்னும் முடியல."

"முடியலையா, சொல்ல முடியலையா?"

அக்காவின் பின்னால் கொட்டகை இரைந்துகொண்டிருந்தது. மூவாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் தீனித் தொட்டியைக் கொத்தும் சத்தம், தகரத்தில் மழை பெய்வது மாதிரி.

"கேக்குதா? இதுங்களுக்கா நோவு? உங்க மாமா விடிஞ்சதும் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்து சொல்றாரு, காய்ச்சல் கோழிக்கு இல்ல, உன் தங்கச்சி மெஷினுக்குத்தான்னு."

"நாலு மணிக்கு மேடம் கையெழுத்துப் போடுவாங்கக்கா. அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லக் கூடாது."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முக்கியமா."

"பெரிய இவ," என்று அக்கா வைத்துவிட்டாள்.

முடிவு நேற்று மாலையே வந்துவிட்டிருந்தது. மேசை இழுப்பறைக்குள், ஒரு பழைய நாள்காட்டிக்கு அடியில், படமாகக் கிடந்தது. அதை மேலதிகாரி மேடத்தின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியது மட்டும்தான் பாக்கி. இருபதடி தூரம். அந்த இருபதடியை நடக்க அவளுக்குக் கால் வரவில்லை.

கால்நடை நோய்களைச் சோதிக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. வெளியிலிருந்து வரும் கிருமியின் மரபணுவைப் பெருக்கி, கூழ் மாதிரியான ஜெல்லில் ஓடவிட்டு, ஊதா விளக்கில் வைத்துப் படம் பிடிப்பவள். அதனால் அங்கே அவள் ஜெல்லக்கா. வீட்டில் மட்டும் நாற்பத்திரண்டு வயதிலும் சின்னவள்.

அக்காவின் கொட்டகையில் இருப்பவை தாய்க்கோழிகள். அவற்றின் முட்டை சமையலறைக்குப் போவதில்லை; குஞ்சு பொரிக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து குஞ்சாக நூறு பண்ணைகளுக்குப் போகும். போன வாரம் அடுத்தடுத்த நாளில் இரண்டு கோழிகள் செத்தன. அக்கா புதைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். "புதைக்காத, எங்க லேபுக்கு அனுப்பு. கூடவே கொட்டகைலேர்ந்தும் மாதிரி எடுத்து அனுப்பு," என்று சொன்னவள் சின்னவள்தான். ஊருக்கெல்லாம் சொல்வதை அக்காவுக்கும் சொன்னாள். அவ்வளவுதான் செய்தது.

கோழியின் குடலில் கிருமி இருப்பது பெரிய விஷயமில்லை. பாதிக் கிருமிகள் வாடகைக்குக் குடியிருப்பவை. இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகும். வழிப்பறிக்காரனும் அதே முகத்தோடுதான் வந்து கதவைத் தட்டுவான். நுண்ணோக்கியில் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே என்ன ஆயுதம் வைத்திருக்கிறான் என்று சோதித்தால்தான் தெரியும். குடல் சுவரைத் துளைக்க ஒரு மரபணு, உயிரணுவுக்குள் ஒளிந்துகொள்ள ஒன்று, ரத்தத்தில் பிழைத்துக் கிடக்க ஒன்று. மூன்றும் இருந்தால் ஜெல்லில் மூன்று கோடு விழும். தாய்க்கோழிக் கொட்டகையில் மூன்று கோடு விழுந்தால் மருந்து மாத்திரைப் பேச்சே இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் போவார்கள். கொட்டகை காலியாகும்.

பத்து மாதிரி. பத்திலும் மூன்று மூன்று கோடு.

அந்த மாதிரிகளின் எண் நானூற்றுப் பதினேழு. வெறும் எண்தான் சோதிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. அக்காவோ ரசீதைப் படமெடுத்து அன்றைக்கே அனுப்பிவிட்டாள். சொந்தக்காரர் மாதிரி என்றால் வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும். சின்னவள் கொடுக்கவில்லை. மற்றவர்கள் அவசரத்தில் ஏதாவது செய்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை.

இருப்புக் கொள்ளாமல் எழுந்து கை கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து கை கழுவினாள்.

"ஜெல்லக்கா, குழாயில தண்ணி வருதான்னு சோதிக்கறீங்களா, இல்ல கையே போயிடுச்சான்னு பாக்கறீங்களா?" என்றார் தட்டுக்காரர். கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்ப்பவர் அவர். சின்னவளுக்கு முன்பே இங்கே சேர்ந்தவர், அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். பெண்டாட்டியைவிடக் கிருமிகளுக்குத்தான் நேரத்துக்குச் சாப்பாடு போட்டதாகச் சொல்லிக்கொள்வார்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாதவங்க மூஞ்சி இப்படி இருக்காது."

இழுப்பறையைத் திறந்து படத்தை மறுபடி எடுத்தாள். அப்போதுதான் அது உறுத்தியது. பத்து மாதிரியிலும் கோடுகள் ஒரே கனம், ஒரே வெளிச்சம். அளவெடுத்துத் தைத்தது போல. உயிருள்ளது எதுவும் இத்தனை ஒழுங்காக இருக்காதே. ஒரு கோழியில் அதிகம், ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் இல்லவே இல்லை என்றுதானே இருக்கும்?

ஜெல்லில் குழி போட ஒரு சீப்பு உண்டு. அவர்களிடம் இருந்த சீப்புக்குப் பன்னிரண்டு பல். ஒரு குழி, கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலுக்கு. ஒரு குழி, ஆயுதம் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த கிருமிக்கு. ஒரு குழி வெறும் தண்ணீருக்கு. கிருமியே சேர்க்காத குழாய் அது. அதில் கோடு விழவே கூடாது. விழுந்தால் பிழை கிருமியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஆக ஒன்பது மாதிரிக்குத்தான் இடம். பத்து மாதிரி வந்தால் இரண்டு ஜெல் ஊற்ற வேண்டும். ஒரு குழிக்காக இன்னொரு ஜெல்லா என்று, பத்து வரும்போதெல்லாம் அவள் தண்ணீரை விட்டுவிடுவாள். எப்போது தொடங்கிய பழக்கம் என்று நினைவில்லை. தண்ணீரில் என்ன இருக்கப் போகிறது?

அடுத்த நினைவு வந்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஆறு வாரம் முன்னால் பின்னறையில் ஏ.சி. கெட்டுப்போனது. பெருக்கி முடித்த குழாய்களைத் திறந்து ஜெல்லில் ஊற்றுவது அந்த அறையில்தான் நடக்க வேண்டும். முன்னறை சுத்தமான அறை. கலவை தயாரிக்க மட்டும். புழுக்கம் தாங்காமல், "இங்கயே ஊத்திக்கலாம், ஒரு வாரந்தான," என்று சொன்னது யார்? அவளேதான். பெருக்கிய குழாய் ஒன்றுக்குள் மரபணுப் பிரதிகள் கோடிக்கணக்கில் இருக்கும். மூடியைத் திறக்கிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் கிளம்பும். அது எங்கே போய் உட்காரும்? பக்கத்திலிருந்த, கலவைக்கு ஊற்றும் தண்ணீர்ப் பாட்டிலில் உட்காராது என்று யார் சொன்னது?

எட்டரைக்கு அவள் எட்டுக் குழாய் எடுத்தாள். எட்டிலும் அந்தப் பாட்டிலின் தண்ணீர் மட்டும். கிருமி இல்லை, கோழி இல்லை, யாருடைய கொட்டகையும் இல்லை. மெஷினில் வைத்துவிட்டு, அது இரண்டு மணி நேரம் உறுமுவதைக் கேட்டபடி அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தாள்.

நடக்கும்போது ஒரு கேள்வி பின்னாலேயே வந்தது. நானூற்றுப் பதினேழு வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் நீ சீப்பின் பல்லை எண்ணியிருப்பாயா? நேற்றே படத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சி பார்த்திருக்க மாட்டாயா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தபோதுகூட அவளுக்குத் தெரிந்தது நோய் இல்லை, சந்தேகம். சந்தேகம் என்று எதைச் சொல்லிக்கொள்கிறாய்? பாசத்தையா? அவள் வராந்தாவின் கோடியில் நின்று வெளியே பார்த்தாள். ஒரு லாரியிலிருந்து காலிக் கூண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி நடந்தாள்.

பதினோரு மணிக்கு ஊதா விளக்கைப் போட்டாள். எட்டுத் தண்ணீர். எட்டிலும் மூன்று கோடு. தளதளவென்று, ஒரே கனத்தில்.

முதலில் வந்தது வெட்கமில்லை. சந்தோஷம். அதைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் அந்த நிமிடம் கண்ணில் நீர் முட்ட, வராந்தாவுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பு நடந்திருக்கலாம். எங்க பக்கம். ஆனா இன்னும்..."

"ஏங்க!" அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினாள். "ஏங்க, தப்பாம்! அவங்க தப்பாம்!" தூரத்தில் மாமா ஏதோ சொல்ல, அக்கா சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "நான் சொன்னேன்ல, மெஷினுக்குத்தான் காய்ச்சல்னு? உன் வாய்க்குச் சக்கரை போடணும்டி."

"அக்கா, இன்னும் உறுதியில்ல. திரும்பப் பாக்கணும். நான் சொல்றதக் கேளு..."

"பாரு பாரு. நல்லாப் பாரு," என்று வைத்துவிட்டாள்.

உறுதியில்லை என்ற சொல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேராது என்று தெரிந்துதான் கூப்பிட்டாயோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

தட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம தண்ணிக்கே சீக்கு," என்றார். சிரிக்கவில்லை.

"கீழ பால் சோதிக்கற ரூம்ல தனி மெஷின் இருக்கு. தண்ணி, மருந்து, பிப்பெட் எல்லாம் அவங்களோடது. நீங்க வளத்த தட்டுலேர்ந்து புதுசா எடுத்து, நீங்களே கலக்கணும் சார். நான் தொட மாட்டேன்."

"ஏன்?"

"என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

கீழே இருந்த சீப்புக்கு இருபது பல். அளவுகோல் ஒன்று, தெரிந்த கிருமி ஒன்று, தண்ணீர் இரண்டு, நானூற்றுப் பதினேழின் பத்து. ஆறு குழி மிச்சம். தட்டுக்காரர் குளிரறைக்குப் போகக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு குழியையும் காலியாக விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அவளுக்குத் தபால்காரர் நினைவு வந்தார்.

ஏ.சி. கெட்ட மறு வாரம் அவருடைய மாதிரிகள் வந்தன, எண் முன்னூற்றுத் தொண்ணூறு. பத்து. ஓய்வு பெற்ற பின் தாய்க்கோழி வளர்த்தவர். பத்திலும் மூன்று கோடு விழுந்து கொட்டகை காலியான பிறகு ஒரு மதியம் நேரே இங்கே வந்து, எதிரில் உட்காராமல் நின்றார். "முப்பது வருஷம் அடுத்தவங்க லெட்டரச் சரியான வீட்டுல குடுத்தவன்மா நான். ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருந்தாக்கூட விசாரிச்சுத்தான் குடுப்பேன். இந்த லெட்டர் எனக்குத்தான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். "மெஷின் பொய் சொல்லாதுங்க," என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

"சார், முன்னூத்தித் தொண்ணூறும் தட்டு இருக்கா?"

தட்டுக்காரர் திரும்பினார். "இருக்கு. எதுக்கு?"

"ஆறு எடுத்துட்டு வாங்க."

"அந்தப் பண்ணைதான் முடிஞ்சு போச்சே. சும்மா கெடந்த சங்க எதுக்கு ஊதறீங்க? இப்ப கேள்வி நானூத்திப் பதினேழு பத்தி. அத மட்டும் பாப்போம்."

"எடுத்துட்டு வாங்க சார்."

அவர் எடுத்துவந்தார். கலக்கினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று பார்த்தாள். அடுத்த மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இரண்டு முறை அக்கா கூப்பிட்டாள். ஒரு முறை படம் ஒன்று அனுப்பினாள்: கொட்டகை வாசலில் மாமா, மடியில் ஒரு கோழியோடு, பல்லெல்லாம் தெரிய.

மூன்றே கால். ஊதா விளக்கு எரிந்தது.

தண்ணீர் இரண்டும் சுத்தம். இருட்டு. கண் முதலில் அங்கேதான் போனது. பிறகு நானூற்றுப் பதினேழு. ஏழு மாதிரியில் மூன்று கோடு. சிலதில் தடிமனாக, சிலதில் நூல் போல. இரண்டில் ஒரு கோடு மட்டும். ஒன்றில் எதுவும் இல்லை. ஒழுங்கே இல்லை. உண்மை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அக்காவின் கொட்டகையில் வழிப்பறிக்காரன் இருந்தான். நிஜமாகவே இருந்தான்.

அதற்கப்பால் ஆறு குழி. ஆறும் வெறும் இருட்டு. தபால்காரரின் கிருமி வாடகைக்கு இருந்த கிருமி. நாலாயிரம் கோழி.

தட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நானூத்திப் பதினேழுக்கு நேத்து வந்த பதிலும் இதான், இன்னிக்கு வந்த பதிலும் இதான். நேத்து படத்தையே குடுத்தாலும் தப்பில்ல. முடிவு மாறலையே." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் எதையும் பாக்கல," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். நேற்றைய படத்தைக் கொடுத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். இன்னொரு வழியும் இருந்தது. காலையில் எடுத்த தண்ணீர்ப் படத்தை மட்டும் கொடுத்து, எல்லாமே சந்தேகம் என்று சொன்னால் புதிதாக மாதிரி எடுக்க மூன்று வாரம் ஆகும். மூன்று வாரத்துக்கு அக்காவின் கோழிகள் பிழைக்கும். முட்டை போகும், குஞ்சு போகும், நூறு பண்ணைக்குப் போகும். ஏணிப்படியில் ஏறும்போது இரண்டு படமும் இரண்டு கையில் இருந்தன. நடுவில் நின்றாள். மாடியில் மேடத்தின் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மூன்றாவது படத்தைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு, மூன்றையும் அடுக்கிப் பிடித்தபடி ஏறினாள். நடை வேகமாக இருந்தது. மெதுவாக நடந்தால் போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

மேடம் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கடைசில ஆறு குழி ஏன் காலியா விட்டிருக்க?"

"காலி இல்ல மேடம். அது தபால்காரர் பண்ணை."

மேடம் அந்த ஆறு குழியையும் விரலால் எண்ணினாள்.

சின்னவள் சொன்னாள். ஏ.சி., முன்னறை, சீப்பு, தண்ணீரை விட்டது, எட்டுக் குழாய். சொல்லச் சொல்ல எல்லாமே சின்னச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் யாரும் செய்யக்கூடியது.

"இந்த ஆறு வாரத்துல தண்ணி இல்லாம எத்தன ரிப்போர்ட் போயிருக்கு?"

"பதினொண்ணு மேடம். அதுல கொட்டகை காலியானது ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்," என்றாள் மேடம். அந்தச் சொல் மேசை மேல் கிடந்தது. "இத ஓட்டிப் பாக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

"பின்ன எப்படி இன்னிக்கு மட்டும் சந்தேகம் வந்தது?"

இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து பதில் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் தேட வேண்டியதாகவே இருக்கவில்லை.

"நானூத்திப் பதினேழு எங்கக்கா கொட்டகை மேடம். அது வேற யாரோடதாவது இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மேடம் தட்டுக்காரரை மேலே கூப்பிட்டு, கலக்கியது அவர்தானா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டாள். முன்னறையைப் பூட்டச் சொன்னாள். பதினோரு பண்ணையின் தட்டுகளையும் வேறு கூடத்துக்கு அனுப்பச் சொன்னாள்.

"நாளைலேர்ந்து நீ பெஞ்சத் தொட வேணாம். விசாரணை முடியட்டும்."

"சரி மேடம்."

"தபால்காரருக்கு ஆபீஸ்லேர்ந்து கடிதம் போகும்."

"கடிதம் போகட்டும் மேடம். நான் நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்."

"போய் என்ன சொல்லுவ?"

"தெரியல."

மேடம் நானூற்றுப் பதினேழின் தாளை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

வராந்தாவிலிருந்து பார்த்தபோது கூண்டு லாரி போய்விட்டிருந்தது. அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லு சொல்லு! மாமாவும் பக்கத்துலதான் இருக்காரு."

"அக்கா, வேற ரூம்ல, வேற தண்ணி வெச்சு, வேற ஆளு பாத்தாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருக்குக்கா. நம்ம கொட்டகைல நெசமாவே இருக்கு."

மாமா என்னவென்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு ஒரு கதவு சாத்தும் ஓசை. அக்கா மாமாவை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"காலைல தப்புன்னியே."

"தப்பு இருந்தது. அது வேற ஒருத்தருக்கு நடந்திருக்கு. அவரு கோழிய நாங்க சும்மா கொன்னுருக்கோம். நான்."

"அவருக்கு நடந்தா எனக்கென்னடி? எனக்கு ஏன் காலைல கூப்புட்ட? அஞ்சு மணி நேரம் அந்த மனுஷன் கோழிய மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?"

"ஆமா."

"என்ன ஆமா? எல்லாத்துக்கும் ஆமாவா?"

"கூப்பிட்டிருக்கக் கூடாதுக்கா. எனக்குத் தாங்கல, கூப்பிட்டுட்டேன்."

அக்கா அழுகிறாளா என்று காது கூர்மையாகக் கேட்டது. அழவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

"எத்தன மணிக்கு வருவாங்க?"

"ஏழு."

"அப்ப காலைல தீனி வெக்கணுமா, வேணாமா?"

பதினோரு வருடத்தில் அவள் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வி இருந்ததில்லை. தபால்காரரும் அன்று காலை யாரையாவது இதைக் கேட்டிருப்பார். யாரைக் கேட்டிருப்பார்?

"வை," என்றாள். "நான் ஆறு மணிக்கு வரேன். சேந்து வெக்கலாம்."

"உங்க மாமா உன்னப் பாத்தா என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாது."

"பேசட்டும்."

அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் பெரிதாகியது; அக்கா கொட்டகைக்குள் போயிருக்க வேண்டும்.

"ஆறுக்கு வராத," என்றாள் அக்கா. "அஞ்சரைக்கே வந்துரு. ஆறுக்கெல்லாம் பசியில கத்த ஆரம்பிச்சுரும்."